எழுத்து எங்கே நிற்க வேண்டும்? நிரல் வரையும் வரைபடங்களில் தலைப்பும் லேபிளும்

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 மார்ச் முதல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளக்கப்பட்டு வருகிறது. சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிவைத்த அந்த அளவீட்டிலிருந்து பிறந்த கோடு, அறிவியல் உலகம் திரும்பத் திரும்ப வரைந்த கோடுகளில் ஒன்று. தொடக்கத்தில் அது பத்து லட்சத்துக்கு 315 பங்கு என்ற அளவில் இருந்தது. 2023இல் அதன் ஆண்டுச் சராசரி 421. இந்தக் கோட்டை வரைய ஒருவர் 2012இல் நிரல் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். கோடு அப்போது 394இல் நின்றது. வலப்பக்க மேல்மூலை காலியாக இருந்ததால், ‘மௌனா லோவா, ஆண்டுச் சராசரி’ என்ற லேபிளை 2016ஆம் ஆண்டுக்கு நேராக, 404 என்ற உயரத்தில் வைத்தார். படம் நன்றாகவே இருந்தது. நிரல் மாறவில்லை, தரவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தது. 2016இல் சராசரி 404ஐ எட்டியபோது, கோடு அந்த லேபிளின் நடுவே ஏறிச் சென்றது.

கையால் வரைகிற படத்தில் இது நேராது. வரைபவர் ஒருமுறை வரைகிறார். வரையும்போதே காலியிடம் எது என்று பார்த்து எழுதுகிறார். நிரலோ ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை வரைகிறது. நாளைய தரவு எப்படியிருக்கும், படம் கைபேசியில் திறக்குமா தாளில் அச்சாகுமா, மாவட்டப் பெயர் நான்கு எழுத்தா பதினொன்றா என்பதெல்லாம் எழுதும் வேளையில் தெரியாது. ஆகவே எழுத்தின் இடத்தை எண்ணால் குறித்துவிட்டு நகர்வது, இன்றைய தரவை என்றைக்கும் உரியதாக எடுத்துக்கொள்வதுதான். எழுத்து எதற்கு உரியது, அதற்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று உறவாகச் சொன்னால்தான் படம் மாறும்போது எழுத்தும் கூடவே நகரும். இருநூறு ஆண்டுக் கைவேலையிலும் நாற்பது ஆண்டு மென்பொருளிலும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

செப்புத்தகட்டிலிருந்து

வில்லியம் பிளேஃபேர் 1786இல் இலண்டனில் வெளியிட்ட வணிக, அரசியல் அட்லஸிலிருந்து தொடங்குவது முறை. இங்கிலாந்து டென்மார்க்குடனும் நார்வேயுடனும் நடத்திய வணிகத்தைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற படத்தில் ஏற்றுமதிக் கோட்டின் பெயர் அக்கோட்டின் வளைவைத் தழுவிச் செல்கிறது. இறக்குமதிக் கோட்டின் பெயரும் அப்படியே. இரண்டுக்கும் இடையிலுள்ள பரப்பில், இலாபம் யார் பக்கம் என்ற செய்தி எழுதப்பட்டிருக்கிறது. தலைப்பு, கோடுகள் செல்லாத வெளியில் ஒரு நீள்வட்டத்துக்குள் அமர்ந்திருக்கிறது. எந்த நிறம் எந்தக் கோடு என்று தேடித் திரும்பும் வேலை வாசகருக்கு இல்லை. பெயரும் பொருளும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சார்ல் ஜோசஃப் மினார் 1869இல் வரைந்த நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்புப் படத்தில், படை கிளம்பிய இடத்தில் 4,22,000 என்ற எண்ணும் திரும்பி வந்த இடத்தில் 10,000 என்ற எண்ணும் படையைக் குறிக்கும் பட்டையை ஒட்டியே நிற்கின்றன. பட்டை திரும்பினால் எண்ணும் திரும்புகிறது. எழுத்து தான் குறிக்கும் பொருளின் திசையை ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இது பழைய, வலுவான சான்று.

இந்தக் கைப்பழக்கத்தை விதிகளாக எழுதித்தந்தவர் சுவிட்சர்லாந்தின் நிலப்பட வல்லுநர் எடுவர்ட் இம்ஹோஃப். நிலப்படத்தில் பெயர்களை எங்கே வைப்பது என்பது பற்றி 1962இல் ஜெர்மனில் அவர் எழுதிய கட்டுரை, 1975இல் ஆங்கிலத்தில் வந்தது. பெயர் எளிதாகப் படிக்கும்படி இருக்க வேண்டும்; எந்தப் பொருளுக்குரியது என்பதில் ஐயம் எழக்கூடாது; படத்தின் மற்ற உள்ளடக்கத்தை மறைக்கக்கூடாது; பெயர்கள் ஓரிடத்தில் குவியவும் கூடாது, எங்கும் ஒரே சீராகப் பரப்பப்படவும் கூடாது. ஊரைக் குறிக்கும் புள்ளிக்கு வலப்பக்கம், சற்று மேலே என்பதே பெயருக்கு முதல் விருப்பமான இடம். இன்று மென்பொருள்கள் செய்துபார்க்கும் எல்லாவற்றுக்கும் அளவுகோல் இந்த விதிகளே. 1972இல் பின்ஹாஸ் யோயெலி, நிலப்பட எழுத்தைக் கணினியிடம் ஒப்படைப்பதன் தருக்கத்தை ஆராய்ந்தபோதும், இப்படி வரிசைப்படுத்திய விருப்ப இடங்களே அடிப்படையாக இருந்தன.

நான்கு அளவுகோல்கள்

நிரலில் ஓர் எழுத்தை வைக்கும்போது முதலில் எழும் கேள்வி: எந்த அளவுகோலால் இடத்தைச் சொல்கிறோம்? நடைமுறையில் நான்கு உண்டு. முதலாவது தரவின் அளவுகோல்: ‘1991ஆம் ஆண்டு, 355 பங்கு’ என்பது போல. இரண்டாவது சட்டகத்தின் அளவுகோல்: அச்சுகள் சூழ்ந்த செவ்வகத்தின் இடக்கீழ் மூலை 0, வலமேல் மூலை 1. மூன்றாவது முழுத்தாளின் அளவுகோல்: ஓரங்களும் சேர்ந்த படம் முழுவதும் 0 முதல் 1 வரை. நான்காவது எழுத்தின் சொந்த அளவுகோல்: அங்குலத்தில் 72இல் ஒரு பங்கான பாயின்ட், அல்லது ஓர் எழுத்தின் அகலம்.

1986இல் வந்த க்னூபிளாட் என்ற வரைபட மென்பொருள் இவற்றைத் தன் கட்டளை மொழியிலேயே சொற்களாக வைத்தது. ஃபர்ஸ்ட், செகண்ட் என்பவை இரண்டு சோடி அச்சுகளின் தரவு அளவுகள். கிராஃப் என்பது சட்டகம். ஸ்கிரீன் என்பது முழுப்படம். கேரக்டர் என்பது எழுத்தளவு. 2003இல் ஜான் ஹண்டர் வெளியிட்ட பைத்தானின் மேட்பிளாட்லிப், இவற்றையே டிரான்ஸ்ஃபார்ம் என்ற பெயரில் தந்தது. ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 நெடுங்காலம் தரவின் அளவையே முதன்மையாக வைத்திருந்தது. 2024இல் வந்த 3.5.0 பதிப்பிலிருந்து, ஓர் எண்ணை ‘ஐ’ என்ற சார்புக்குள் வைத்தால் அது சட்டகத்தின் பங்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

எதை எப்போது என்பதற்கு விதி எளிது. ஒரு புள்ளியைப் பற்றிய எழுத்து தரவோடு கட்டப்பட வேண்டும். படம் முழுவதையும் பற்றிய குறிப்பு சட்டகத்தோடு கட்டப்பட வேண்டும். தரவு வந்த வழியைச் சொல்லும் குறிப்பு தாளோடு கட்டப்பட வேண்டும். இந்த உரிமையைத் தவறாகச் சொல்வதே பெரும்பாலான இடச்சிக்கல்களின் வேர். மௌனா லோவா லேபிள் கோட்டைப் பற்றியது. ஆனால் தரவு அளவில் ஒரு வெற்றிடத்தோடு கட்டப்பட்டது. கோட்டின் கடைசிப் புள்ளியோடு அதைக் கட்டி, அங்கிருந்து வலப்பக்கம் ஆறு பாயின்ட் தள்ளி வைத்திருந்தால், ஆண்டுகள் சேரச் சேர லேபிளும் கோட்டோடு நடந்திருக்கும்.

அளவுகோல்களைக் கலக்க முடிவது இந்தக் கருவிகளின் பெரும் வசதி. ஓர் ஆண்டில் நடந்த நிகழ்ச்சியைச் செங்குத்துக் கோடாகக் குறித்து, அதன் பெயரைச் சட்டகத்தின் உச்சியில் எழுத விரும்புகிறோம். இடவலம் தரவின் ஆண்டு. மேல்கீழ் சட்டகத்தில் 0.95. க்னூபிளாட்டில் ஒரே லேபிளின் இரு எண்களுக்கும் தனித்தனி அளவுகோல் கொடுக்கலாம். மேட்பிளாட்லிப்பில் இதற்கென்றே கலப்பு டிரான்ஸ்ஃபார்ம் உண்டு. ஜிஜிபிளாட்2இல் உயரத்துக்கு முடிவிலி என்று கொடுத்தால் எழுத்து சட்டகத்தின் விளிம்பில் போய் நிற்கும். மூன்றும் சொல்வது ஒன்றே: தரவின் உயரம் எப்படி மாறினாலும் பெயர் உச்சியிலேயே இருக்கும்.

புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளுவது என்பதை மட்டும் ஒருபோதும் தரவின் அளவில் சொல்லக்கூடாது. ‘இரண்டு கூட்டிக்கொள்’ என்று எழுதினால், அச்சு 0 முதல் 10 வரை இருக்கும்போது லேபிள் வெகுதூரம் போகும். 0 முதல் 10,000 வரை இருக்கும்போது புள்ளியின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். எழுத்து கண்ணுக்கானது. அது விலகும் தூரமும் கண் அளக்கும் அலகில், அதாவது பாயின்ட்டில் இருக்க வேண்டும். மேட்பிளாட்லிப்பின் ஆனோட்டேட் கட்டளையில் ஆஃப்செட் பாயின்ட்ஸ் என்ற தேர்வு இதற்காகவே இருக்கிறது.

எழுத்தின் எந்தப் பகுதி அந்த இடத்தில்?

இடம் தெரிந்த பிறகும் வேலை முடியவில்லை. எழுத்து ஒரு புள்ளி இல்லை. அகலமும் உயரமும் கொண்ட பெட்டி. அந்தப் பெட்டியின் எந்த மூலை குறித்த இடத்தில் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மேட்பிளாட்லிப்பில் இதற்கு இடவலச் சீர், மேல்கீழ்ச் சீர் என்ற இரண்டு தேர்வுகள். ஜிஜிபிளாட்2இல் எச்ஜஸ்ட், விஜஸ்ட். ஆர் மொழியின் பழைய வரைகலையில் 1 என்றால் கீழே, 2 இடப்பக்கம், 3 மேலே, 4 வலப்பக்கம். சுருக்கமான, நினைவில் நிற்கும் ஏற்பாடு.

மேல்கீழ்ச் சீரில் கவனம் வேண்டும். ‘மையம்’ என்பது எழுத்துப் பெட்டியின் மையமா, எழுத்தின் உடல் பகுதியின் மையமா என்று கருவிக்குக் கருவி வேறுபடும். ‘பால்’ என்ற சொல்லில் கீழே இறங்கும் உறுப்பு இல்லை. ‘கூழ்’ என்பதில் உண்டு. பெட்டியின் மையத்தை வைத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் ஒன்று ஏறியும் மற்றது இறங்கியும் தெரியும். அருகருகே நிற்கும் லேபிள்களுக்கு அடிக்கோட்டை வைத்துச் சீர்செய்வதே முறை. இணைய எஸ்விஜி படங்களில் எழுத்து இயல்பாகவே அடிக்கோட்டில் நிற்கிறது. அதைப் புள்ளிக்கு நேராக நடுவில் கொண்டுவர, எழுத்தளவில் 0.35 பங்கு கீழே இறக்குவது டி3 என்ற வரைபடத் தொகுப்பைப் பயன்படுத்துவோரிடம் பரவலான வழக்கம்.

சாய்த்த எழுத்தில் இது இன்னும் முக்கியம். கிடை அச்சில் நீண்ட பெயர்களை 45 பாகை சாய்க்கும்போது, மேட்பிளாட்லிப் இயல்பாக எழுத்தைச் சுழற்றிவிட்டு, சுழன்ற வடிவத்தைச் சூழும் பெட்டியைச் சீர்செய்கிறது. அதனால் பெயரின் முனை தன் கோட்டுக்கு நேராக அமையாமல் பக்கத்துக் கோட்டுக்குரியது போலத் தோன்றும். சீர்செய்துவிட்டுச் சுழற்றும் ஆங்கர் முறையைத் தேர்ந்து, வலச்சீர் கொடுத்தால் ஒவ்வொரு பெயரின் கடைசி எழுத்தும் தன் கோட்டின் கீழ் சரியாக நிற்கும். இம்ஹோஃப் கேட்ட ‘ஐயமின்மை’ இங்கே ஒரே ஒரு தேர்வில் அடங்கியிருக்கிறது.

தலைப்பு

தலைப்பு எங்கே என்ற கேள்வி, அது யாருக்குரியது என்ற கேள்விதான். மேட்பிளாட்லிப்பில் இரண்டு தலைப்புகள் உண்டு: ஒன்று சட்டகத்துக்கு, மற்றது முழுப்படத்துக்கு. நான்கு சிறுபடங்கள் கொண்ட தாளில் இந்த வேறுபாடு உடனே தெரியும். ஒரே படமுள்ள தாளிலும் அது உண்டு. இடப்பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் நீளமாக இருக்கும்போது சட்டகம் வலப்பக்கம் ஒதுங்குகிறது. சட்டகத்தின் நடுவில் வைத்த தலைப்பு, தாளில் பார்த்தால் ஒருபக்கம் சரிந்தது போல இருக்கும்.

ஜிஜிபிளாட்2 இதில் இரண்டு நல்ல முடிவுகளை எடுத்தது. 2016இல் வந்த 2.2.0 பதிப்பில் தலைப்பை நடுவிலிருந்து இடப்பக்கச் சீருக்கு மாற்றியது. துணைத்தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் தனி இடம் தந்தது. 2020இல் வந்த 3.3.0 பதிப்பில், தலைப்பைச் சட்டகத்தின் இட விளிம்போடு அல்லாமல் தாளின் இட விளிம்போடு சேர்க்கவும் வழி செய்தது. இடச்சீரின் நன்மை வெளிப்படையானது. வாசிப்பு இடப்பக்கத்தில் தொடங்குகிறது. தலைப்பு இரண்டு வரியானாலும் தொடக்கம் மாறுவதில்லை. துணைத்தலைப்பும் அதே விளிம்பில் வரிசையாக நிற்கிறது. நடுச்சீர் ஒற்றை வரித் தலைப்புக்குப் பொருந்தும். தலைப்பு வளரும்போது தளரும்.

நீளமும் ஒரு சிக்கல். ஜிஜிபிளாட்2இல் தலைப்பு தானாக வரி மடங்குவதில்லை. தாளின் விளிம்பில் வெட்டப்படும். நிரலில் தலைப்பு மாறியாக வரும்போது, அதாவது ஒரே நிரல் 38 மாவட்டங்களுக்கு 38 படங்கள் வரையும்போது, மிக நீண்ட பெயருக்கு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ‘தேனி’க்குப் பொருந்திய தலைப்பு ‘திருச்சிராப்பள்ளி’க்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது.

தலைப்பு படத்துக்குள்ளேயே வேண்டுமா என்பது இடத்தைப் பொறுத்தது. ஆய்விதழ்களில் படத்தின் கீழே விளக்கவரி இருக்கிறது. உள்ளே தலைப்பு இருந்தால் அதே செய்தி இரண்டு முறை வரும். செய்தித்தாளிலும் சமூக ஊடகத்திலும் படம் தன் பக்கத்தைவிட்டுப் பிரிந்து தனியே பயணிக்கும். அங்கே தலைப்பும் தரவு வந்த வழியும் படத்தின் உடலிலேயே இருந்தாக வேண்டும்.

அச்சின் எண்களும் பெயர்களும்

அச்சில் எந்த எண்களை எழுதுவது என்பதே தனியொரு ஆய்வுத் துறை. 1990இல் பால் ஹெக்பர்ட் தந்த எளிய முறை, இடைவெளியை 1, 2, 5 ஆகியவற்றைப் பத்தின் அடுக்குகளால் பெருக்கி வரும் எண்களில் ஒன்றாகத் தேர்கிறது. லீலண்ட் வில்கின்சன் முன்வைத்த மதிப்பெண் முறையை, 2010இல் டால்பட், லின், ஹன்ராகன் ஆகியோர் விரிவாக்கினர். எண்களின் எளிமை, தரவை அவை எவ்வளவு தழுவுகின்றன, எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, படிக்க எவ்வளவு எளிது என்ற நான்கையும் சேர்த்து மதிப்பிடும் முறை அது. ஜிஜிபிளாட்2 இன்று இதையே அடிப்படையாகக் கொள்கிறது.

இந்திய வாசகருக்கு இன்னொன்று தேவை. நாம் லட்சத்திலும் கோடியிலும் எண்ணுகிறோம். கருவிகள் இயல்பாக மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி இடுகின்றன. 2,500,000 என்று அச்சில் கண்டால் வாசகர் மனத்தில் அதை 25 லட்சமாக மாற்ற வேண்டியிருக்கிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு எண்ணுக்கும் நடக்கிறது. எண்ணை லட்சத்தால் வகுத்து, அச்சின் பெயரில் ‘லட்சத்தில்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் எழுத்தும் குறைகிறது, இடமும் மிஞ்சுகிறது. மேட்பிளாட்லிப் பெரிய எண்களுக்கு அச்சின் உச்சியில் தனியே எழுதும் ‘1இ6’ என்ற சிறிய குறிப்பை வாசகர் கவனிக்காமல் போவது எளிது. பத்து லட்சம் மடங்கு வேறுபாட்டைச் சொல்லும் செய்தி ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கக்கூடாது.

செங்குத்து அச்சின் பெயரை 90 பாகை சுழற்றி எழுதுவது பெரும்பாலான கருவிகளின் இயல்பு. இட நெருக்கடிக்கு அது விடை. வாசிப்புக்கு அது தடை. அந்தப் பெயரை அச்சின் உச்சியில் கிடையாகவோ துணைத்தலைப்பாகவோ எழுதினால் கழுத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. அதேபோல் நீண்ட பெயர்கள் கிடை அச்சில் மோதிக்கொண்டால், அவற்றைச் சாய்ப்பதற்கு முன் படத்தையே திருப்பிப் பார்க்கலாம். நிமிர்ந்த பட்டைகள் கிடைப் பட்டைகளாகும்போது ‘கள்ளக்குறிச்சி’யும் ‘இராமநாதபுர’மும் தம் வரியில் நிம்மதியாகக் கிடக்கும். எழுத்தின் நெருக்கடியே படத்தின் வடிவத்தை முடிவு செய்யலாம். அதில் குறையொன்றும் இல்லை.

குறிவிளக்கமா, நேரடிப் பெயரா?

பிளேஃபேர் கோட்டின் மேலேயே பெயர் எழுதினார். கணினி குறிவிளக்கப் பெட்டியைப் பரப்பியது. காரணம் வசதி. பெட்டிக்கு ஒரே இடம் போதும். அந்த இடம் தரவோடு மோதாமல் இருந்தால் போதும். மேட்பிளாட்லிப்பின் ‘பெஸ்ட்’ என்ற தேர்வு, பெட்டியை வைக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தரவை மிகக் குறைவாக மறைக்கும் இடத்தை எடுக்கிறது. தரவு மிகுதியானால் அந்தச் சோதனையே மெதுவாகிறது.

வாசகருக்கோ பெட்டி வேலை கூட்டுகிறது. நிறத்தை நினைவில் வைத்துக் கோட்டுக்கும் பெட்டிக்கும் கண் ஓட வேண்டும். நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் கறுப்பு வெள்ளை அச்சுக்கும் அது தோற்கிறது. எட்வர்ட் டஃப்டி 1983 முதல் தம் நூல்களில் சொல்லையும் எண்ணையும் படத்தையும் பிரிக்காமல் ஒன்றாக வைக்க வாதிட்டு வந்தார். ஆர் மொழியில் டைரக்ட்லேபிள்ஸ் என்ற தொகுப்பு இதற்கென்றே எழுதப்பட்டது. ஐந்தாறு கோடுகள் வரை, வலமுனையில் பெயர் எழுதுவதே சிறந்தது. இரு கோடுகளின் முனைகள் நெருங்கினால் பெயர்களை மேலும் கீழுமாகக் குறைந்தபட்ச இடைவெளிக்கு நகர்த்தலாம். மேலிருந்து கீழான வரிசை மட்டும் மாறக்கூடாது. ஒற்றைத் திசையில் நகர்த்தும் இந்தச் சிக்கலுக்கு நேரான தீர்வு உண்டு. கோடுகள் இருபதைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். சொல்லவந்த மூன்றுக்கு நிறமும் பெயரும் தந்து, மற்றவற்றைச் சாம்பல் நிறத்தில் பின்னணியாக விடுவது நேர்மையான வழி.

மோதலின் கணக்கு

சிதறல் படத்தில் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களும் 38 புள்ளிகள். ஒவ்வொன்றின் பெயரும் எட்டுத் திசைகளில் ஒன்றில் நிற்கலாம். மொத்த ஏற்பாடுகள் 35 இலக்க எண். ஒவ்வொன்றாகச் சோதிக்க வழியில்லை. குறுக்குவழி உண்டா என்ற கேள்விக்கு 1991இல் விடை கிடைத்தது. ஃபோர்மன், வாக்னர் இருவரும் ஒருபுறமும், மார்க்ஸ், ஷீபர் இருவரும் மறுபுறமும், இது கணினியியலில் என்பி கடினம் எனப்படும் வகையைச் சேர்ந்தது என்று காட்டினர். எல்லாத் தரவுக்கும் சிறந்த விடையை விரைவாகத் தரும் வழிமுறை எதுவும் இந்த வகைச் சிக்கலுக்கு இதுவரை அறியப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே இடங்கள் என்று சுருக்கினால் மட்டும், மோதாத ஏற்பாடு உண்டா என்பதை விரைவாகச் சொல்லிவிடலாம்.

எனவே எல்லாக் கருவிகளும் ‘போதுமான அளவு நல்ல’ விடையையே தேடுகின்றன. 1982இல் ஸ்டீஃபன் ஹெர்ஷ், மோதலைப் பெயர்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையாகக் கணக்கிட்டார். 1995இல் கிறிஸ்டென்சன், மார்க்ஸ், ஷீபர் ஆகியோர் பல வழிமுறைகளை ஒரே தரவில் ஒப்பிட்டு, உலோகத்தைச் சூடாக்கி மெதுவாக ஆறவிடும் முறையிலிருந்து பெயர்பெற்ற சிமுலேட்டட் அனீலிங் சிறப்பாகச் செயல்படுவதாகக் கண்டனர். 2016இல் ஆர் மொழிக்கு வந்த ஜிஜிரிப்பெல், பைத்தானின் அட்ஜஸ்ட்டெக்ஸ்ட் இரண்டும் தள்ளுவிசை வழியைச் சேர்ந்தவை. நகர்ந்த பெயரைப் புள்ளியோடு ஒரு மெல்லிய கோட்டால் இணைக்கின்றன. 2020இல் வேகா என்ற வரைபடக் கருவியின் ஆய்வாளர்கள், படத்தில் நிரம்பிய இடங்களைப் பிக்சல் அளவில் ஒரு பிட் வரைபடமாகக் குறித்து, காலியிடத்தை மிக வேகமாகக் கண்டறியும் முறையை வெளியிட்டனர்.

இவற்றைப் பயன்படுத்துவோர் இரண்டு உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, ஜிஜிரிப்பெல்லின் தேடலில் தற்செயல் கலந்திருக்கிறது. தொடக்க விதை எண்ணைக் குறிக்காவிட்டால் அதே தரவு நாளைக்கு வேறு படமாகும். மற்றொன்று, இடம் போதாதபோது அது சில பெயர்களை எழுதாமலே விட்டுவிடும். எத்தனை விடுபட்டன என்ற எச்சரிக்கை நிரலாளரின் திரையில் வரும், வாசகரின் படத்தில் வராது. பெயர் இல்லாத மாவட்டம் முக்கியமில்லாதது என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். எதை விடலாம் என்பதை வழிமுறையிடம் விடாமல் ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும். விட்டதை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும்.

ஓரமும் வெட்டும்

எழுத்தின் அகலம் எழுத்துருவைப் பொறுத்தது. படம் வரையப்படும்வரை அது தெரியாது. அச்சு எண்களின் அகலம் தெரிந்தால்தான் ஓரத்தை முடிவு செய்ய முடியும். ஓரம் தெரிந்தால்தான் சட்டகத்தின் அளவு தெரியும். சட்டகம் தெரிந்தால்தான் எந்த எண்களை எழுதுவது என்று தெரியும். இந்தச் சுழலை உடைக்கத்தான் மேட்பிளாட்லிப்பில் முதலில் டைட் லேஅவுட் வந்தது. 2018இல் வந்த 2.2 பதிப்பில், கட்டுப்பாடுகளைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்க்கும் கன்ஸ்ட்ரெயின்டு லேஅவுட் சேர்ந்தது. பழைய ஆர் வரைகலையில் நான்கு ஓரங்களும் வரி எண்ணிக்கையில் இருக்கின்றன: கீழே 5.1, இடம் 4.1, மேல் 4.1, வலம் 2.1. வலமுனையில் கோட்டின் பெயரை எழுத 2.1 வரி போதாது. அதை விரிக்க வேண்டும், சட்டகத்துக்கு வெளியே எழுத்து வெட்டப்படாதிருக்கவும் சொல்ல வேண்டும். ஜிஜிபிளாட்2இல் இதற்கான ‘கிளிப்’ தேர்வு 2018இன் 3.0.0 பதிப்பில் வந்தது.

படத்தை எந்த அளவில் காட்டப்போகிறோமோ அந்த அளவிலேயே வரைவதும் முக்கியம். 12 அங்குல அகலத்தில் வரைந்து 4 அங்குலத்துக்குச் சுருக்கினால் 9 பாயின்ட் எழுத்து 3 பாயின்ட்டாகும். இடம் சரியாகவே இருக்கும், படிக்கத்தான் முடியாது.

தமிழில் எழுதும்போது

இதுவரை சொன்னவை எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழ் எழுத்துக்கு மேலும் சில தேவைகள் உண்டு. மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துக்குப் பதில் கட்டங்கள்தான் வரும். தமிழ் எழுத்துருவைக் குறித்தாலும் வேலை முடிவதில்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரம், பிறகு எகரக் குறி. கண்ணுக்குக் குறி முன்னே வர வேண்டும். ‘கொ’வில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தொழுங்கு இயந்திரம்தான் இதைச் செய்கிறது. அது இல்லாமல் குறிகளை வந்த வரிசையில் அடுக்கும் கருவியில் தமிழ் உடைந்து தெரியும். மேட்பிளாட்லிப் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அங்கே எம்பிஎல்கெய்ரோ என்ற இணைப்போ, ஸீடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வழியாக எழுத்தை அடுக்குவதோ வழி. ஆர் மொழியில் ராக் என்ற தொகுப்பு நன்கு எழுதுகிறது. எஸ்விஜியாகக் கொடுத்து உலாவியை வரையவிட்டால் தமிழ் சரியாகவே வரும். ஆனால் பார்ப்பவரின் கணினியில் எழுத்துரு வேறானால் அகலம் மாறி, கணக்கிட்ட இடைவெளிகள் பிசகும். எழுத்தைக் கோட்டு வடிவங்களாக மாற்றி வைத்தால் இடம் பிசகாது. ஆனால் திரைவாசிப்பானுக்கும் தேடலுக்கும் அந்த எழுத்து மறைந்துபோகும். இரண்டில் எது என்பது படம் யாருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

நீளத்தை எண்ணும் முறையும் மாற வேண்டும். ‘தமிழ்நாடு’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீட்டு இடங்கள். இந்த எண்ணிக்கையை வைத்து வரியை மடக்கினால் குறி தன் எழுத்தைவிட்டுப் பிரிந்து அடுத்த வரிக்குப் போகலாம். வெற்றிடத்தில் மட்டுமே மடக்க வேண்டும். அகலத்தை எழுத்துருவிடம் கேட்டு அளக்க வேண்டும். பெயர்களைச் சுருக்கும்போதும் ஒழுங்கு வேண்டும்: ஜூனையும் ஜூலையையும் ஒரே ‘ஜூ’வாகச் சுருக்கினால் இரு மாதங்கள் ஒன்றாகிவிடும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலப் படத்தில் தலைப்பைப் பெரிய எழுத்தால் உயர்த்திக் காட்டும் பழக்கம் இங்கே செல்லாது. தடிமன், அளவு, சுற்றியுள்ள வெளி ஆகிய மூன்றால்தான் தலைப்பையும் துணைத்தலைப்பையும் லேபிளையும் நாம் வேறுபடுத்த முடியும். அதனால் இடம் தமிழ்ப் படத்தில் இன்னும் கூடுதல் பொறுப்பை ஏற்கிறது. மேலும் நம் எழுத்துகள் அடிக்கோட்டுக்கு மேலும் கீழும் விரிபவை; ஆங்கிலத்துக்காக வகுத்த வரி இடைவெளியில் ‘கி’யின் கொக்கி மேல்வரியின் ‘கு’வைத் தொடும். இரண்டு வரித் தலைப்புக்கு வரி இடைவெளியைக் கூட்டியே வைக்க வேண்டும்.

தீர்ந்ததும் தீராததும்

அளவுகோல், சீர், ஓரம் ஆகிய மூன்றும் இன்று தீர்ந்த கேள்விகள். கருவிகள் வேண்டியதைத் தருகின்றன, கேட்கத்தான் தெரிய வேண்டும். மோதல் பாதி தீர்ந்தது. நல்ல விடை கிடைக்கும், சிறந்த விடைக்கு உறுதியில்லை. தமிழ் எழுத்தொழுங்கு சில கருவிகளில் தீர்ந்து, சிலவற்றில் நிற்கிறது; அதைத் தமிழ் நிரலாளர்கள் கேட்டுப் பெற வேண்டும், முடிந்தால் எழுதித் தர வேண்டும். எதற்குப் பெயர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கேள்வியை எந்த வழிமுறையும் தீர்க்காது. அது படத்தின் கருத்தைப் பற்றியது.

நடைமுறைக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் எதற்குப் பெயர் என்று முடிவு செய்க. அந்தப் பெயர் தரவுக்கா, சட்டகத்துக்கா, தாளுக்கா உரியது என்று குறிக்க. எழுத்தின் எந்த விளிம்பு அங்கே நிற்கும் என்று சொல்க. விலகலைப் பாயின்ட்டில் கொடுக்க. பிறகும் மோதினால் சொல்லைச் சுருக்கியோ படத்தைத் திருப்பியோ பார்த்துவிட்டு, கடைசியாகத் தள்ளுவிசைக் கருவியை அழைக்க. முடிந்தபின் மிக நீண்ட பெயரையும் மிகப் பெரிய எண்ணையும் கொடுத்து, வாசகர் பார்க்கும் அளவிலேயே ஒருமுறை வரைந்து பார்க்க. பாடநூல், நாளிதழ், அரசு அறிக்கை எல்லாவற்றிலும் இனி நிரல்கள்தான் படம் வரையப்போகின்றன. தமிழில் கணக்கும் அறிவியலும் படிக்கும் பிள்ளை தன் முன்னுள்ள கோட்டின் பெயரைத் தேடாமலே படிக்க வேண்டும். அந்த வசதியை நிரலின் ஒவ்வொரு வரியிலும் எழுதிவைப்பது வரைபவரின் கடமை.